கிழக்கிலிருந்து வந்த வண்டி

பகல் பதினொரு மணி வெயிலில் தண்டவாளம் சில்லென்றிருந்தது. குனிந்து உள்ளங்கையை வைத்த ஸ்டேஷன் மாஸ்டர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். மேற்கே நாலடி தள்ளித் தொட்டால் சுட்டது. கிழக்குப் பக்கம்தான் இப்படி. இருபத்தாறு வருட சர்வீஸில் என்னென்னவோ பார்த்த மனுஷர்தான், ஆனாலும் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

கிழக்கே வானம் நேற்றிலிருந்தே சரியில்லை. மேகம் இல்லை, புகை இல்லை, நிறம் என்று ஒன்றுமே இல்லை. பார்த்தால் கண் தங்க இடமில்லாமல் திரும்பி வந்துவிடும். அந்தப் பாதையிலிருந்த ஸ்டேஷன்கள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் பேச்சை நிறுத்தின. விடிகாலையில் அடுத்த ஸ்டேஷனும் அடங்கிவிட்டது. அங்கே டியூட்டியிலிருந்தவன் அவர் மனைவியின் தம்பி. "குட்டி வண்டி ஏறிட்டாளாம் மாமா. வந்ததும் அனுப்பி வைக்கிறேன்" என்றதுதான் அவன் கடைசிப் பேச்சு. குட்டி அவர்களுடைய ஒரே மகள். கிழக்குக் கோடியில் நர்ஸிங் படிக்கிறாள்.

ஊர்க்காரர்கள் லாரி பிடித்து மேற்கே போய்விட்டார்கள். அவர் மனைவி மட்டும் மடியில் துணிப்பையோடு பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"நீயாவது போயிருக்கலாம்."

"நல்லா சொன்னீங்க போங்க. எறங்கினதும் அம்மா எங்கன்னு கேப்பா. யாரு பதில் சொல்றது, உங்க ரூல் புக்கா?"

ரூல் புக்கையே கட்டிக்கொண்டிருக்கலாமே என்று கல்யாணமான புதிதிலிருந்து கேலி செய்கிறவள் அவள். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வீடு போகட்டும், வேலை போகட்டும், மூன்று பேரும் ஒரே இடத்தில் இருந்துவிட்டால் போதும்; அப்புறம் உலகம் எக்கேடோ கெடட்டும் என்றிருந்தது.

அப்போது உள்ளே மணி அடித்தது. கிழக்கு ஸ்டேஷனின் மணி.

வண்டி அனுப்பலாமா என்று அடுத்த ஸ்டேஷன் கேட்கிற மணி அது. கேட்டதும் போனை எடுத்து வண்டி எண்ணை வாங்கி எழுதிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் மேஜைமேல் இருக்கிற கருவியின் கைப்பிடியைத் திருப்பி, வண்டி வரலாம் என்று லைன் கிளியர் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் கைப்பிடி பூட்டிக்கொள்ளும். வண்டி வந்து சேரும்வரை அசையாது. இத்தனை வருடத்தில் ஒருநாளும் தவறாதவர், மகள் வந்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் ஓடிப்போய் முதலில் கைப்பிடியைத் திருப்பிவிட்டார். பிறகுதான் போனை எடுத்தார்.

"நம்பர் சொல்லு மச்சான்."

மூச்சு மட்டும் கேட்டது. ஒரு ஆளின் மூச்சு இல்லை. ஒரு வண்டி கொள்ளுமளவு ஆட்கள் ஒன்றாக இழுத்து, ஒன்றாக விடுகிற மூச்சு.

"மச்சான்?"

மூச்சு நின்றது. அவர் பேசுவதை உற்றுக் கேட்டது.

போனைப் போட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். முஷ்டியால் குத்தினார். அசையவில்லை. சிவப்புக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு பிளாட்பார முனைக்கு ஓடினார். அந்தக் கொடி ஒன்றுதான் மிச்சம்.

வண்டி வந்தது. சத்தமே இல்லை. எஞ்சினில் டிரைவர் இல்லை. கடைசிப் பெட்டிக்குப் பின்னால் மரம் இல்லை, கம்பம் இல்லை, தரையும் இல்லை. அந்த நிறமில்லாதது பெட்டியோடு ஒட்டிக்கொண்டே வந்தது.

கொடிக்கு நேரே நின்றது.

அனுமதிக்குக் காத்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. ஒவ்வொரு ஸ்டேஷனாக இப்படித்தான் கேட்டுக் கேட்டு வந்திருக்கிறது. அவர் முதுகுக்குப் பின்னால் மேற்கே, லாரிகளில், ஊர் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது.

முதல் பெட்டியின் ஜன்னலில் குட்டி.

"அப்பா."

அதே குரல். ஆனால் உதடு அசையவில்லை. முகத்தில் நிறம் என்று ஒன்றுமே இல்லை.

மனைவி பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். "கொடியை எறக்குங்க."

"அது குட்டி இல்லம்மா. சொன்னா கேளு."

"தெரியுது. பெத்தவளுக்குத் தெரியாதா?" அவள் ஜன்னலையே பார்த்தாள். "ஆனா நம்ம புள்ள அதுக்குள்ளதானே இருக்கா. தனியா இருக்கா."

பையை அவர் காலடியில் வைத்தாள். அவர் ஒற்றைக் கையால் அவள் முந்தானையைப் பற்றினார். மெல்ல விடுவித்துக்கொண்டாள். நடந்தாள். ஏறினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அவர் கை வலித்தது. கொடியை இறக்கவில்லை.

பிறகு ஜன்னலில் இரண்டு முகங்கள். மனைவியின் முகத்திலும் நிறம் இல்லை.

"வாங்க" என்றாள். உதடு அசையவில்லை.

கொடி கையிலிருந்து நழுவியது. சக்கரங்கள் உருளத் தொடங்கின. ஜன்னலில் இருவரும் அவரையே பார்த்தபடி ஆளுக்கொரு பக்கம் நகர்ந்து, நடுவில் ஒரு ஆள் உட்கார இடம் விட்டார்கள்.