ஐந்து நாள் வயது

கூடத்தின் நடுவே ஒட்டியிருந்த மஞ்சள் நாடாவுக்குக் கிழக்கே செம்மலர், மேற்கே அவள் கணவன் அருள்வேந்தன். சமையலறை காலை ஏழு மணிவரை அவளுக்கு, அதற்குமேல் அவனுக்கு. விவாகரத்து கிடைக்கும்வரை தம்பதி ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும் என்பது சட்டம். சேர்ந்திருந்தால் மனம் மாறுமாம். ஆறு வருடத்தில் மாறியது நாடா மட்டும்தான், மூன்று முறை.

இழுபறி ஒரு கருவுக்காக. ஐந்து நாள் வளர்ந்த கரு, கோவையில் ஓர் உறைகலத்தில் இருந்தது. அதற்குப் பிறகு வந்த நோயில் செம்மலரின் சினைப்பைகளை எடுத்துவிட்டார்கள். அவளுக்குக் குழந்தை என்றால் இனி அது ஒன்றுதான். அருள்வேந்தனுக்கோ அது பிறக்கவே கூடாது. பிறந்தால் இவளோடு ஆயுளுக்கும் ஒட்டுறவு.

ஐந்து வருடம் கடந்த கருவை அழித்துவிடலாம் என்றொரு விதியை அவன் தோண்டி எடுத்தான். செம்மலர் விடவில்லை. உறைந்த கருவுக்குக் காலம் ஓடாது, வெளியே எத்தனை வருடம் போனாலும் அதற்கு ஐந்தே நாள்தான் வயது என்று வாதாடி ஆணை வாங்கினாள். அதைக் கண்ணாடி போட்டுத் தன் பக்கத்துச் சுவரில் மாட்டினாள்.

பிறகுதான் வருங்குரலி வந்தது. கருவின் மரபணுவையும் வீட்டில் பெற்றோர் பேசிய பதிவுகளையும் படித்து, அந்தக் குழந்தை எட்டு வயதில் எப்படிப் பேசுமோ அப்படிப் பேசும் இயந்திரம். அதன் சாட்சியம் நீதிமன்றத்தில் செல்லுபடியாகும். செம்மலர் உடனே மனுப் போட்டாள்.

சாட்சிக் கூண்டில் சொம்பு அளவே இருந்த அந்தக் கருவியை வைத்தார்கள். நீதிபதி பரமேசுவரி குனிந்து கேட்டார்.

"கண்ணு, உனக்குப் பொறக்கோணுமா?"

"பொறக்கோணுங்க. ஆனா அந்த நாடாவுக்கு எந்தப் பக்கம் நான் இருக்கோணும்?"

 நீதிபதி பேனாவை எடுத்தார்.

"வாய் திறந்து பேசிட்டதால இது இனி வெறும் கரு இல்லீங்க, மைனர்," என்றார் நீதிபதி. "யாரும் அழிக்க முடியாது."

செம்மலர் அழுதே விட்டாள். "அப்ப எனக்குள்ள வெச்சுக்கலாங்களா?"

"பொறுங்கம்மா. மைனர் விசயத்துல அப்பா அம்மா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடோணும். இல்லீன்னா பதினெட்டு வயசு முடிஞ்சதும் அதுவே முடிவு பண்ணும். மைனர் புள்ளை இருக்கறவங்களுக்கு விவாகரத்தும் கெடயாது, தெரியுமில்ல?"

"நான் போட மாட்டேனுங்க," என்றான் அருள்வேந்தன். "பதினெட்டு வருசந்தானே? பல்லைக் கடிச்சுட்டு இருந்துக்கறேன்."

"நானும் காத்திருக்கறேன்," என்றாள் செம்மலர்.

எழுத்தர் நீதிபதியை நிமிர்ந்து பார்த்தார். "அம்மா, புள்ளையோட வயசு என்னன்னு எழுதறது?"

நீதிபதி கோப்பைப் புரட்டினார். செம்மலர் வாங்கிய ஆணை அதில் இருந்தது. இரண்டு முறை படித்தார்.

"அஞ்சு நாள்."

"அடுத்த வருசம் பதிவைப் புதுப்பிக்கறப்பங்க?"

"அப்பவும் அஞ்சு நாள்தான்."

அருள்வேந்தன் வாய்விட்டுச் சிரித்தான். பாதியிலேயே அவனுக்குக் கணக்குப் புரிந்து சிரிப்பு நின்றது. பிறக்கப் பதினெட்டாக வேண்டும். பதினெட்டாகப் பிறக்க வேண்டும். அதுவரை மஞ்சள் நாடா. செம்மலர் நீதிபதி கையிலிருந்த தன் ஆணையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற வெற்றியே தன் கழுத்தைப் பிடிக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

மைனர் பெற்றோருடன்தான் வசிக்க வேண்டும் என்பதால், அன்று மாலையே நீதிமன்ற ஊழியர் வருங்குரலியைக் கொண்டுவந்து அளந்து பார்த்து நாடாவின்மேல் வைத்துவிட்டுப் போனார். அணைக்கும் பொத்தானுக்கு அரக்கு முத்திரை.

"அம்மா, எனக்கு எப்பப் பொறந்த நாள்?"

 ஆறு வருடத்தில் முதல்முறையாகச் செம்மலர் நாடாவுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

"உங்கப்பாவைக் கேளு."

அருள்வேந்தன் எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கட்டிலில் உட்கார்ந்தபோது கதவைத் தாண்டியும் தெளிவாகவே கேட்டது.

"அப்பா, எனக்கு எப்பப் பொறந்த நாள்?"