அழிக்கச் சொன்ன பக்கம்

ஷாமிலாவின் அப்பா அகஸ்ரினுக்குப் பொய் சொல்லவே வராது. வராத வேலையை ஏன் தொட்டார் என்று கேட்கிறீர்களா? பொறுங்கள், சொல்கிறேன்.

ஒரு வாரமாக வீட்டில் தொலைபேசி அடித்தால் அவரே பாய்ந்து எடுத்தார். "ஓம் அண்ணை... ஓம்... பிறகு எடுக்கிறன்" என்று குசுகுசுத்துவிட்டு வைத்தார்.

"ஆர் உது?" என்று அம்மா பேர்ணடெற் கேட்பார்.

"ரோங் நம்பர்."

ரோங் நம்பர்க்காரரை யாராவது அண்ணை என்பார்களா? ஆனால் அம்மா மறுகேள்வி கேட்காமல் துணி மடித்துக்கொண்டிருப்பார். அம்மாவுக்கு எட்டு மாதம். கனடாவின் அஜின்கோர்ட்டில், அடுக்குமாடி ஒன்றில் இருந்த அந்தச் சின்ன வீட்டில் வயிறு முதலில் வரும், அம்மா பிறகு வருவார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம். அம்மா குளிக்கப் போயிருந்தார். அப்பா ஷாமிலாவைக் கணினிக்கு முன்னால் இருத்தினார்.

"பிள்ளை, உனக்குப் பத்து வயசு. ஒரு விஷயம் சொல்லுவன், அழக்கூடாது."

அப்படிச் சொன்னதுமே ஷாமிலாவுக்கு அழுகை வரப் பார்த்தது.

"சீமோன் மாமா செத்துப்போனார். மன்னாரிலை சண்டைக்குள்ளை ஷெல் விழுந்து. பத்து நாளாச்சு."

சீமோன் மாமா அம்மாவின் ஒரே தம்பி. ஷாமிலா அவரை நேரில் கண்டதில்லை, குரல்தான் தெரியும். எப்போதாவது தொலைபேசியில் வந்தால், "என்னடி கனடாக்காரி, இண்டைக்கும் பனி திண்டனியோ?" என்று கேட்பார். "ஓம் மாமா, சீனி போட்டுத் திண்டனான்" என்பாள் இவள். மாமா விழுந்து விழுந்து சிரிப்பார். இனி அந்தக் கேள்வியை யார் கேட்பது? ஷாமிலாவின் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

அப்பா அவள் தலையைத் தடவினார். "அம்மாவுக்குப் பிரஷர் கூட. பிள்ளை பிறக்குமட்டும் சொல்லவேண்டாம் எண்டு சொந்தக்காரர் எல்லாரும் முடிவெடுத்தது. ஆனா எங்கடை ஊர்ச் சங்கம் மாமான்ரை படத்தைப் போட்டு இன்ரநெற்றிலை கண்ணீர் அஞ்சலி விட்டிருக்கு. நான் ரெண்டு தரம் பாத்தனான். பாத்ததெல்லாம் உதுக்குள்ளை பதிஞ்சு நிக்குமாமே? மெய்யோ?"

"மெய்தான் அப்பா. எந்தப் பக்கம், எத்தனை தரம், எத்தனை மணிக்கு, எல்லாத்தையும் பிரவுசர் எழுதி வைக்கும்."

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதை ஆர் எழுதச் சொன்னது? எங்கடை வீட்டு விஷயம் உதுக்கு என்னத்துக்கு? ஆக்களின்ரை ரகசியத்தை மதிக்கிற பிரவுசர் ஒண்டுகூட இல்லையோ?"

"நானும் ரீச்சரைக் கேட்டனான். தனக்குத் தெரிய ஒண்டும் இல்லையாம்."

"நல்ல சாமான்தான் போ! சரி, அழிக்கலாமோ?"

"ஓம்."

"அப்ப அழி. அம்மா கண்டாவெண்டால் தாங்கமாட்டா." அப்பா அழுக்குத் துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு, கட்டடத்தின் கீழ்மாடியில் இருந்த சலவை அறைக்குப் போய்விட்டார்.

ஷாமிலா பட்டியலைத் திறந்தாள். ஊர்ச் சங்கத்தின் பக்கம் மேலேயே இருந்தது. அதை அழிக்கப் போனவள் பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்தாள்.

பார்த்தது பதினொரு தரம். கடைசியாக இன்று காலை பத்து நாற்பது.

அப்பா விடியப்புறம் ஐந்து மணிக்கே மிசிசாகா விமான நிலைய வேலைக்குப் போய்விடுவார். பத்து நாற்பதுக்கு ஷாமிலா பள்ளிக்கூடத்தில் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். அந்த நேரம் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஆள்தான்.

ஐயோ, அம்மாவுக்குத் தெரியும்! அப்பா பார்த்தது இரண்டு தரம். மிச்சம் ஒன்பது தரமும் அம்மா தனியாக இருந்து பார்த்திருக்கிறார். யாரிடமும் வாய் திறக்காமல், துணி மடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

அழிக்கும் பொத்தானில் ஷாமிலாவின் விரல் நின்றது. ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஆனால் அந்த நீண்ட ஆங்கில முகவரி அம்மாவுக்கு மனப்பாடமா என்ன? இதை அழித்தால் அம்மா நாளைக்குத் தம்பியின் முகத்தை எங்கே போய்த் தேடுவார்?

அவள் கையை எடுத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். ஈரத் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். அடுப்பில் பருப்பு கொதித்தது.

"அம்மா, அப்பா ஒரு பக்கத்தை அழிக்கச் சொன்னவர். நான் அழிக்கேல்லை."

கத்தி நின்றது. "ஏன் அழிக்கேல்லை?"

"நீங்கள் நாளைக்கும் பாக்கவேணும்தானே."

அம்மா நாற்காலியைப் பிடித்து மெல்ல அமர்ந்தார். "என்ரை தம்பி..." என்றார். அவ்வளவுதான், ஒரு வாரத்து அழுகையும் ஒன்றாக வந்தது. ஷாமிலா கட்டிப்பிடித்தாள். வயிறு நடுவில் நின்றதால் கை எட்டிய மட்டும் பிடித்தாள்.

"பிள்ளைக்குப் பேர் தேடுவம் எண்டுதான் போனன்" என்றார் அம்மா விக்கலோடு. "ரெண்டு எழுத்து அடிக்க, மிச்சத்தை அது தானாவே போட்டுது. என்னெண்டு தெரியாமல் தட்டினன். அவன்ரை படம் வந்து நிண்டுது."

"அப்பாட்டைச் சொல்லுவமோ?"

"வேண்டாம், வேண்டாம். மனுசனுக்கு ஒரு வாய் சோறும் இறங்கேல்லை. என்னைக் காப்பாத்திறன் எண்டு நினைச்சுக்கொண்டு நடக்கிறார். எனக்குத் தெரியுமெண்டால் உடைஞ்சுபோவார்."

ஷாமிலா கண்ணைத் துடைத்தாள். "அப்பா உங்களுக்காக மறைக்கிறார். நீங்கள் அப்பாக்காக மறைக்கிறியள். அப்ப மாமாக்காக ஆர் அழுறது?"

வாசலில் ஏதோ விழுந்தது. திரும்பிப் பார்த்தால், அப்பா. வெறும் கூடை அவர் காலடியில் கிடந்து உருண்டது. இந்தத் தடவை அவர் பொய் ஒன்றும் தேடவில்லை. வந்து அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தி, சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அப்பா அழுததை ஷாமிலா அன்றுதான் பார்த்தாள். பருப்பு அடிப்பிடிக்கப் போகிறது என்று அவள்தான் எழுந்து அடுப்பை நிறுத்தினாள்.

பிறகு அப்பாவே கணினியைப் போட்டு, அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனார். மூன்று பேரும் மாமாவின் படத்தைப் பார்த்தார்கள். எவரும் எதையும் அழிக்கவில்லை.

இருட்டமுன் மாதா படத்துக்கு முன்னால் கூடினார்கள். ஒரு வாரமாக அந்த வீட்டின் பெரிய பொய் இந்த இடத்தில்தான் நடந்தது. அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று அம்மா, "என்ரை தம்பி சீமோனுக்கு நல்ல சுகத்தைக் குடும் ஆண்டவரே" என்பார். அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று அப்பா உரத்து "ஆமென்" சொல்லுவார்.

அன்று அம்மா, "செத்துப்போன என்ரை தம்பிக்கு..." என்று தொடங்கினார். அதற்குமேல் வரவில்லை. அப்பா முயன்றார். அவருக்கும் வரவில்லை.

ஷாமிலா இரண்டு பேரின் கைகளையும் பிடித்துக்கொண்டாள். மாமாவின் பெயரைத் தெளிவாகச் சொல்லி, செபத்தை அவளே முடித்தாள்.