திரிசங்குவின் லிஃப்ட்

‘வீல்’ என்ற அலறல் பேட்டரி அறையிலிருந்து வந்தது.

அலறியது ஆபீஸ் உதவியாளர். அலறியதில் தப்பில்லை.

பல்கலைக்கழகத்தின் மின் இன்ஜினியர் தரையில் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. உயிர் இல்லை. பக்கத்தில் அவருடைய மச்சினன்... அவருக்குக் கீழே வேலை பார்க்கும் எலெக்ட்ரீஷியன். கையில் ஸ்பேனர். ஸ்பேனரில் ரத்தம்.

பெண் இன்ஸ்பெக்டர் வந்தபோது ஊர் கரண்ட் திரும்பியிருந்தது. மதியம் பராமரிப்புக்காக நிறுத்தப்போவதாக மின்வாரியத்தில் முதல் நாளே அறிவித்திருந்தார்கள். நிறுத்தினார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சொன்ன சொல் தவறுவதில்லை.

அப்படிப்பட்ட நேரத்துக்காகத்தான் மொட்டைமாடியெங்கும் சோலார் தகடுகள், இந்த அறை நிறையப் பேட்டரிகள். மைக்ரோகிரிட் என்று பெயர். ஊரே அணைந்தாலும் வளாகம் சொந்தக் கரண்டில் எரியும் என்று திறப்பு விழாவில் ரிஜிஸ்ட்ரார் முழங்கினார். பழைய ஜெனரேட்டரை அன்றே விற்றார்கள்.

அடுத்த கரண்ட் கட்டில் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் லிஃப்டில் பாதி வழியில் தொங்கினார். அதற்கடுத்த கட்டிலும். மாணவர்கள் ‘திரிசங்கு’ என்று பெயர் சூட்டினார்கள். இப்போதெல்லாம் லிஃப்ட் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கரண்ட் வந்தால் தானே வருவார்.

இன்ஸ்பெக்டர் எலெக்ட்ரீஷியனிடம் வந்தாள்.

“காலைல உங்க அத்தானோட சண்டை போட்டிருக்கே.”

“போட்டேன் மேடம். ரிஜிஸ்ட்ரார் வாங்கின புதுப் பெட்டிக்குள்ள இருக்கறதுல பாதிக்கு மேல செத்துப்போன பழைய பேட்டரி. ஸ்டிக்கர் மட்டும் புதுசு. உடனே துணைவேந்தர்கிட்ட சொல்லுங்கன்னேன். பொறுன்னாரு. உங்களுக்கு முதுகெலும்பே இல்லன்னு திட்டிட்டேன்.” தரையில் கிடந்தவரைப் பார்த்தான். “அதான் அவர்கிட்ட நான் கடைசியா பேசினது.”

“ஸ்பேனரை ஏன் எடுத்தே?”

“கீழ கிடந்துச்சு. டூல் கீழ கிடந்தா அத்தான் திட்டுவாரு மேடம்... கை தானா எடுத்துருச்சு.”

இப்படி ஒரு விளக்கத்தை இன்ஸ்பெக்டர் தன் சர்வீஸில் கேட்டதில்லை. ஆகவே விலங்கு மாட்டினாள்.

ஆனாலும் பேட்டரி விவகாரம் உறுத்தியது. அவனையும் இழுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு, ரிஜிஸ்ட்ராரின் அறைக்குப் போனாள்.

அவர் பதறவில்லை. கரண்ட் போனதிலிருந்து திரும்பும்வரை வழக்கம்போல லிஃப்டில் தொங்கியதாகச் சொன்னார். வாசலில் நின்ற குமாஸ்தாக்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஏட்டு சிரிப்பை மென்று விழுங்கினார். இதைவிடக் கெட்டியான சாட்சி யாருக்கு வாய்க்கும்?

அப்போது இறந்தவரின் மனைவி உள்ளே வந்தாள். இந்த வளாக நூலகத்தில்தான் அவளுக்கு வேலை. காலையில் இருந்த புருஷன் இல்லை. இப்போது கூடப்பிறந்த தம்பி விலங்கோடு நிற்கிறான். இன்ஸ்பெக்டருக்கே மனசு கேட்கவில்லை.

அவள் அழவில்லை. ரிஜிஸ்ட்ராரைத்தான் பார்த்தாள்.

“எந்த லிஃப்ட்ல சார் மாட்டுனீங்க?”

“இந்தக் கட்டடத்துல இருக்கறதே ஒண்ணுதானேம்மா.”

“அதுல நான்தான் இருந்தேன்.”

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினாள்.

“உருப்படியா இருந்த பேட்டரியை எல்லாம் என் வீட்டுக்காரர் பொறுக்கி, இந்த லிஃப்ட் ஒண்ணுக்கு மட்டும் லைன் குடுத்திருந்தாரு மேடம். தம்பிகிட்டகூட சொல்லல. இது ஓடிட்டா மத்தது ஏன் ஓடலன்னு கேள்வி வரும், அந்தக் கையோட துணைவேந்தரைப் பார்க்கறேன்னாரு. கரண்ட் போனதும் நீ ஏறி மேலயும் கீழயுமா போய்க்கிட்டே இருன்னாரு. பாதியில நின்னா என்ன பண்றதுன்னு கேட்டேன். நின்னா நானே வந்து தொறக்கறேன்னாரு.”

இப்போதுதான் அவள் கண்கள் நிறைந்தன.

“நிக்கவே இல்ல மேடம். அதைச் சொல்லத்தான் ஓடினேன்.”

பிறகு ரிஜிஸ்ட்ராரிடம் திரும்பினாள். “பெட்டியைத் தொறந்து பார்த்தாச்சுன்னு நேத்து உங்ககிட்ட மட்டும்தானே சார் சொன்னாரு?”

விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவருக்கு வியர்த்தது. ஒரு சொந்தக்காரி தம்பியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்றார். நியாயமான வாதம்தான். இன்ஸ்பெக்டர் யோசித்தாள். விலங்கைக் கழற்றி எலெக்ட்ரீஷியனிடம் ஒரு காரியம் சொன்னாள்.

“இன்னொரு போலீஸ்காரர் கூட வருவாரு. கீழ போய் ஊர் லைனை ஆஃப் பண்ணு. ஏட்டையா... சாரை லிஃப்ட்ல ஜீப்புக்குக் கூட்டிட்டுப் போங்க.”

லிஃப்டின் கதவு மூடியது. புறப்பட்டது. சரியாக இரண்டாவது மாடியைத் தாண்டும்போது வளாகம் முழுக்க இருண்டது. விசிறிகள் ஓய்ந்தன.

வாழ்க்கையில் முதல் முறையாக, இது பாதியில் நிற்கவேண்டுமே என்று ரிஜிஸ்ட்ரார் கடவுளை வேண்டிக்கொண்டார்.

மேலே அந்த மனைவி லிஃப்ட் கதவில் உள்ளங்கையை வைத்து நின்றாள். உள்ளே இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. அவளுக்கு அது தன் புருஷன் பேசுவதுபோல இருந்தது.

இன்ஸ்பெக்டரின் செல்போன் அடித்தது. ஏட்டுதான்.

“மேடம்... திரிசங்கு தரையிறங்கிட்டாரு.”