ஒரு முழ இடுக்கு

மூன்று மாதமாக மழையே இல்லை. ஆனாலும் ஜன்னல் இல்லாத பின்னறைச் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. ஈரம் முடிந்த இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு.

விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு.

கப்பலின் அடியில் தண்ணீர் ஏறினால் மணிக்கொரு தரம் இப்படித்தான் கோடு போடுவார்கள். அவன் தார் பூசிய கப்பலில் போட்டவர் அவன் தங்கையின் கணவர். இடக்கைக்காரர், கோட்டின் நுனி சற்று மேலே வளையும். இதுவும் வளைந்திருந்தது.

பன்னிரண்டு வருஷம் உப்பும் சிமெண்டும் வெங்காயமும் சுமந்த அந்த இரட்டைப் பாய்மரக் கப்பல், போன மாதம் கரை தெரியும் தூரத்தில் அவரையும் சேர்த்து ஆறு பேரோடு முழுகிப்போனது. பலகை பழசு என்றார்கள். அவனும் தலையாட்டினான்.

பலகைமேல் குற்றமில்லை. இடுக்குகளில் பஞ்சுத்திரியைச் சுத்தியலால் அடித்து இறுக்கி, மேலே தார் பூசுவது அவன் வேலை. கடைசிப் பயணத்துக்கு முன் வேலை செய்த அன்று கடல் ஏறிக்கொண்டிருந்தது. அடிப்பலகையில் ஒரு முழம் பாக்கி. திரி வைக்காமல் தாரை மட்டும் பூசிவிட்டான். மேலேயிருந்து எட்டிப் பார்த்த தங்கையின் கணவர் சிரித்தார்.

"அதுக்குள்ள முடிச்சிட்டியா மச்சான்? தண்ணி வந்துச்சு, நேரா உன் வீட்டுக்கு வந்து படுத்துக்குவேன்!"

"வாங்க மாப்ள. பின்னறை காலியாத்தான் கிடக்கு."

மிஞ்சிய திரியை அந்த அறைப் பெட்டியில்தான் ஒளித்து வைத்திருந்தான். கணவர் போனபின் அவனோடே இருந்த தங்கை இன்று காலை கேட்டாள்: "அண்ணா, பெட்டியில இருக்கிற திரி எந்த வேலையில மிச்சம்?"

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"பழசும்மா."

அவள் தலை குனிந்துகொண்டாள். "அவரும் அதையேதான் கேட்டாரு."

மதியம், தெருவில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, அவள் கண் அயரும் நேரம் பார்த்து, திரியை எரித்துவிடலாம் என்று தார்நாற்றமும் ஊறிய மரத்தின் வாடையும் கலந்து மூச்சை அடைத்த அந்த அறைக்குள் நுழைந்து பெட்டியைத் திறந்தான்.

காலி.

கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

டொக். டொக். டொக்.

அவனுடைய சுத்தியல். அவனுக்குத் தெரியாத சத்தமா அது? கதவின் கீழே இருந்த வெளிச்சக் கோடு கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது. பிறகு பக்கவாட்டில்.

கணுக்காலில் குளிர். முழங்காலில்.

"அம்மாடி, திறம்மா! நான்தான் விட்டேன்! ஒரு முழம்... ஒரே ஒரு முழம்!"

சுத்தியல் நின்றது.

"தெரியும்ணா." கதவோடு ஒட்டி வந்தது அவள் குரல். "அவரு சொல்லிக் குடுத்த மாதிரியே அடிக்கிறேன். ஒரு இடுக்குகூட விடல."

டொக்.

கடைசி வெளிச்சமும் போனது. இடுப்பில் தண்ணீர். நெஞ்சில்.

அவன் முதுகுக்குப் பின்னால், சுவரில், சாக்கட்டி கிறீச்சிட்டது. நிதானமாக. அவன் தலைக்கு ஒரு சாண் மேலே. சத்தம் முடிகிற இடத்தில் சற்று மேல்நோக்கி வளைந்தது.