நாற்றம் நின்ற சாயங்காலம்

தெருமுனையில் திரும்பியபோது அழுகின முட்டை நாற்றம் குப்பென்று காருக்குள் ஏறியது. மகள் வீட்டு வாசலில் நிறுத்துவதற்குள் அடியோடு காணாமல் போயிற்று. அவள் குடிவந்த நாளாக இந்தத் தெருவை விட்டு நகராத நாற்றம். ஆபீசருக்கு வாயெல்லாம் பல்.

ஊரே அவரை ஆபீசர் என்றுதான் சொல்லும். எங்கே வீடு வரலாம், எங்கே ஆலை வரலாம் என்று நகர வரைபடத்தில் வர்ணம் பூசுகிற மகானுபாவர். ரசாயன ஆலைக்கும் வீடுகளுக்கும் நடுவே சும்மா விடவேண்டிய பச்சைப் பட்டையை மஞ்சளாக்கி, தாராளமாகக் குடியிருக்கலாம் என்று கையெழுத்துப் போட்ட புண்ணியவான். கூட்டத்தில் ஜனங்கள் கத்தினபோது, "என் பொண்ணையே அங்க குடிவைக்கிறேன், போதுமா?" என்று மார்தட்டினார். வைத்தும்விட்டார். அவர் வீறாப்புக்கு வேறு யார் கிடைப்பார்கள்?

பாவம், அவள் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஜன்னலெல்லாம் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி அடைத்து, கைக்குழந்தையோடு உள்ளேயே புழுங்கினாள். "உனக்கு மூக்குதாம்மா ரொம்ப நீளம்," என்று சிரிப்பார் தகப்பனார். சற்று முன்னால் அவளே போன் பண்ணினாள்.

"காலையிலேருந்து குடலைப் பிடுங்குச்சுப்பா. இப்ப திடீர்னு நின்னுடுச்சு. துளிகூட இல்ல."

"நான் சொன்னேனா இல்லையா? ஜன்னலையெல்லாம் தொறந்து வை. குழந்தைக்குக் கொஞ்சம் காத்து காட்டு. அக்கம்பக்கத்துலயும் சொல்லு, ஆபீசர் சொன்னாருன்னு. இதோ வர்றேன்."

காரை விட்டு இறங்கினார். மாடி ஜன்னலில் மகள், குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கட்டையில் கன்னம் வைத்திருந்தாள். கையை ஆட்டினார். அவள் ஆட்டவில்லை. கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

இலைகூட அசையாத அந்தச் சாயங்காலத்தில், சுவருக்கு அப்பால் ஆலை உறுமிக்கொண்டிருக்க, எதிர்வீட்டில் குக்கர் விசில் மேல் விசில் அடித்தும் அணைக்க ஆளில்லாதிருக்க, யாரோ திறந்துவிட்ட குழாயில் வாளி நிரம்பி வழிந்து தண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. நாய் ஒன்று அந்தத் தண்ணீரில் படுத்திருந்தது. காலால் நெட்டினார். எழுந்திருக்கவில்லை. கண் எரிந்தது. மரத்தடியில் சருகு என்று மிதித்தது மெத்தென்றிருந்தது.

காக்கை. பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் நிறைய.

ஆலை மானேஜர் ஒருநாள் டீ உறிஞ்சிக்கொண்டே சொன்னது ஞாபகம் வந்தது. "நாத்தம் அடிக்கிற வரைக்கும் பயமில்ல சார். வாயு ரொம்ப ஏறிடுச்சுன்னா மூக்கு செத்துடும். நாத்தம் நின்னுதுன்னா ஓடிடணும்." அன்றைக்கு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீயோடு அதையும் விழுங்கிவிட்டு வந்து மஞ்சள் பூசின ஆள்தான் இவர்.

"அம்மாடி! மூடு! ஜன்னலை மூடு!"

குரல் வெளியே வரவில்லை. முழங்கால் மடிந்தது. வாசல்படியைப் பிடித்துக்கொண்டார். நிமிர்ந்தார்.

மகளின் கண் திறந்துதான் இருந்தது. குழந்தையின் கை அவள் தோளிலிருந்து வெளியே தொங்கியது. அடுத்த வீட்டு ஜன்னலில் ஒரு கிழவர். அதற்கடுத்ததில் புருஷனும் பெண்டாட்டியும். தெருக்கோடி வரைக்கும் ஒரு ஜன்னல் பாக்கியில்லை. ஆபீசர் சொன்னார் என்று எல்லோரும் திறந்துவைத்து, கட்டையில் தலையைச் சாய்த்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மகளைக் கூப்பிட மூச்சை இழுத்தார். ஆழமாக.

நாற்றமே இல்லை.