அப்பா நின்ற இடம்

இந்த மழைக்குக் கொஞ்சமாவது இங்கிதம் வேண்டாமா? காலையிலிருந்து சும்மா இருந்துவிட்டு, அவள் பஸ் பிடிக்க ஓடுகிற நேரம் பார்த்துக் கொட்டு கொட்டென்று கொட்டியது. ட்ரம்பெட் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் ஹோட்டல் படியில் இறங்கியவள்... எதிரே வந்தவன்மேல் மோதியே விட்டாள்.

ஏதோ கீழே விழுந்தது. அடுத்த அடியில் அது காலுக்குக் கீழே 'நறுக்'கென்றது.

"ஐயையோ..." என்று காலைத் தூக்கினாள். மூக்குக் கண்ணாடி. இனி அது எந்த மூக்குக்கும் உதவாது.

"உடைஞ்சிடுச்சா?" என்று கேட்டான் அவன், பக்கத்திலிருந்த தூணைப் பார்த்து.

"நான் இங்க இருக்கேங்க."

"ஓ... மன்னிச்சுக்கோங்க." தூணை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான். "கண்ணாடி இல்லாட்டி எனக்கு எல்லாமே புகை மூட்டம்தான். ஒரே ஒரு உதவி... பக்கத்துல ஒரு கண்ணாடிக் கடை இருக்கு. அங்க கொண்டு போய் விட்டுடறீங்களா?"

"வாங்க. கடைக்காரர்கிட்ட நானே பேசி உடனே வேற செஞ்சு தரச் சொல்றேன்."

"பேச வேண்டாம். கடைக்காரரே நான்தான்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து எத்தனை நாளாயிற்று என்ற நினைப்பும் கூடவே வந்தது. அதோடு சிரிப்பு பாதியில் அடங்கிப் போனது.

சட்டைக் கையின் நுனியைப் பிடித்து, ஏதோ சுடுகிற பாத்திரத்தைத் தூக்குகிறவள் போல அவனை நடத்திக் கூட்டிப் போனாள். கடை, ஹோட்டலை ஒட்டியே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர். உள்ளே சுவர் முழுக்க ஆளில்லாத கண்ணாடிகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அவன் மேஜை இழுப்பறையைத் துழாவி, தடிமனான பழைய கண்ணாடி ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தான்.

நிமிர்ந்தவன்... அப்படியே நின்றுவிட்டான்.

அடுத்தவர் கண்ணுக்குள் எட்டிப் பார்ப்பதே பிழைப்பாக இருக்கிறவன், இப்படியா ஒரு பெண்ணின் கண்ணைப் பார்த்துத் திகைத்து நிற்பான்? அப்படி என்ன அழகு அந்தக் கண்ணில்? மையில்லை. தூக்கம் போதாமல் கீழ் இமை கருத்திருந்தது. மழைத்தண்ணீர் இமை முடியில் தொங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பார்வையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல், சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையை மேலிருந்து கீழாகப் படித்து முடித்தாள்.

"கடைசி வரி வரைக்கும் தெரியுதா?" என்றான் அவன்.

"தெரியுது."

"அப்போ உங்களுக்குக் கண்ணாடி வேண்டாம்... தூக்கம்தான் வேணும்." அப்புறம்தான் பெட்டியைக் கவனித்தான். "அட! நாலு மணி ட்ரம்பெட் நீங்கதானா? செவுத்துக்கு அந்தப் பக்கம் வாசிக்கிறது?"

"ஏன், தொந்தரவா இருக்கா?"

"சேச்சே! ஒண்ணே ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்கக் கூடாது. அந்தக் கடைசிப் பாட்டு... மேல மேல ஏறிப் போயி, ஒரு இடத்துல டக்குன்னு தடுக்குதே. தினமும் அதே இடம். பல்லு கில்லு வலிக்குதா?"

வந்ததே கோபம் அவளுக்கு!

"அது தடுக்கல் இல்ல. எங்கப்பா வாசிச்சது. அவர் எப்படி வாசிச்சாரோ அப்படியே வாசிக்கிறேன். ஜாஸ்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதுங்க. ஆனா தடுக்கினா தெரியும்."

"கண்ணாடியை மிதிச்சது என் தப்பு. அதுக்கு மன்னிச்சுக்கோங்க. மத்தபடி உங்க வேலையைப் பாருங்க!"

விடுவிடுவென்று மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள். பஸ்ஸும் போய்விட்டிருந்தது.

அவளுடைய கோபத்தைக் குறை சொல்லக் கூடாது. அந்தப் பாட்டு அவளுக்கு வெறும் பாட்டு இல்லை. அவள் அப்பாவை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜாஸ் என்றால் மூக்கைச் சுளித்த ஊரில், அதையே வாசித்து, அதையே சாப்பிட்டு, கடைசியில் அதிலேயே மூச்சையும் தீர்த்துக்கொண்டவர். அவர் போனபோது இவள் கல்லூரியில் இருந்தாள். மிச்சம் இருந்தது அந்த ட்ரம்பெட்டும், ஒரே ஒரு ஒலிநாடாவும். அதில் இந்த ஒரே பாட்டு.

அந்த நாடாவை ஓடவிட்டு, நிறுத்தி, திருப்பி, மறுபடி ஓடவிட்டுப் படித்தாள். எங்கே மூச்சு இழுத்தார், எங்கே சுருதியைக் கொஞ்சம் வளைத்தார், எங்கே அரை நொடி நின்றார்... எல்லாம் மனப்பாடம். ஒவ்வொரு வருஷமும் அவர் நினைவு நாளில், அவர் வாசித்த அதே சின்ன அரங்கத்தில் அதை வாசிப்பாள். முன்வரிசையில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முடிந்ததும் எல்லோரும் வந்து, "அப்படியே மாஸ்டர்தான்மா!" என்பார்கள். அதைக் கேட்கும்போது பெருமையாகவும் இருக்கும், எதையோ தொலைத்தது போலவும் இருக்கும்.

காலையில் சங்கீதப் பள்ளியில் பிள்ளைகளோடு மல்லுக்கட்டு. நாலு மணிக்கு ஹோட்டல் வரவேற்பறை. அங்கே யாரும் கேட்பதில்லை, மேனேஜர் மட்டும் கேட்பார், "கொஞ்சம் மெதுவா வாசிங்களேன்" என்பதற்காக. சனி, ஞாயிறு ஆனால் யார் வீட்டு விருந்திலாவது. உதடு வெடித்து எரியும். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அவளுக்கே அவளுக்கென்று ஒரு மெட்டு வரும்... மூன்று சுரம், நாலு சுரம். அதை முணுமுணுத்துவிட்டு, பஸ் வந்ததும் அங்கேயே விட்டுவிட்டு ஏறிவிடுவாள்.

எங்கே வாசிப்பது அதை? அப்பாவின் மேடையிலா? கண்ணை மூடிக்கொண்டு தன் புருஷனைக் கேட்கிற அம்மா, கண்ணைத் திறந்து பார்த்தால் அங்கே அவர் இல்லையென்று ஆகிவிடாதா? ஒரு தடவை பறிகொடுத்தவளிடம் மறுபடி ஒரு தடவை எப்படிப் பறிப்பது?

மறுநாள் நாலு மணிக்கு, வரவேற்பறையின் மூலை சோபாவில் அந்தக் கண்ணாடிக்காரன் உட்கார்ந்திருந்தான். புதுக் கண்ணாடி. கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவன் போல இருந்தான். அவள் கவனிக்காத மாதிரி வாசித்தாள். அந்த இடம் வந்தது... நின்றாள். ஓரக்கண்ணால் பார்த்தால், அவனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறான்! அவள் தொடர்ந்த பிறகுதான் அவன் தோள் இறங்கியது.

முடிந்ததும் பக்கத்தில் வந்தான். "நேத்து பேசினது தப்பு. விஷயம் தெரியாம உளறிட்டேன்."

"பரவால்ல." ட்ரம்பெட்டுக்குள் தேங்கிய ஈரத்தை வடித்தபடியே சொன்னாள். அவன் போகவில்லை. அவளுக்கும் போகச் சொல்ல வாய் வரவில்லை. என்ன மாயமோ, யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவனிடம் சொன்னாள். நாடா, அரங்கம், வருகிற வெள்ளிக்கிழமை அப்பாவின் நினைவு நாள், அம்மாவின் மூடிய கண்... எல்லாம்.

அவன் கடைசி வரை கேட்டான். பிறகு மெல்ல, "உங்கப்பா தினமும் இதை இப்படியேதான் வாசிப்பாரா?" என்றான்.

அப்பாவா? ஒரு நாள் வாசித்ததை மறுநாள் வாசித்ததே இல்லையே அவர்! "நேத்து வாசிச்சதையே இன்னைக்கும் வாசிக்கறதுக்கு நான் எதுக்கு, ரெக்கார்டு போதுமே" என்று சிரிப்பார்.

"அவர் அந்த இடத்துல ஏன் நின்னாருன்னு அம்மாகிட்ட கேட்டிருக்கீங்களா?"

"இல்ல." சுருக்கென்றது அவளுக்கு. "எதுக்குக் கேக்கணும்?"

"சும்மாதான்... வெள்ளிக்கிழமை நானும் வரலாமா?"

"எதுக்கு? இன்னும் எங்கெங்க தடுக்குதுன்னு கண்டுபிடிக்கவா? உங்களுக்கு அது தடுக்கல். எங்கம்மாவுக்கு அதுதாங்க எங்கப்பா. நீங்க வர வேண்டாம்."

அவன் முகம் விழுந்துபோனது. "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு அந்த சோபா காலியாகவே இருந்தது. வீம்புக்காரி இருக்கிறாளே, நாலு மணி ஆனதும் அந்த மூலையைத்தான் பார்ப்பாள். பார்த்ததற்காகத் தன்னையே திட்டிக்கொள்வாள். வியாழக்கிழமை சாயங்காலம் அவன் கடை வாசலில் நின்றாள். உள்ளே அவன் யாருக்கோ கண் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிடத் துணிச்சல் வரவில்லை. நிகழ்ச்சித் துண்டுச் சீட்டைக் கதவிடுக்கில் செருகிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒரே ஓட்டமாக ஓடிவிட்டாள்.

வெள்ளிக்கிழமையும் மழை. அரங்கத்தில் பாதி நாற்காலிதான் நிறைந்திருந்தது. அப்பாவோடு வாசித்த பியானோ பெரியப்பா, விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டார். முன்வரிசையில் அம்மா. மேடையில் நின்றவள் கதவைப் பார்த்தாள். அவன் வரவில்லை. வர வேண்டாம் என்று சொன்னவளும் அவள்தானே? வாசிக்கத் தொடங்கினாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த இடம் வந்தது. நின்றாள். கடந்தாள். இனி நேரே இறங்கி முடிக்க வேண்டியதுதான்...

கதவு 'கிரீச்'சென்று திறந்தது. தொப்பலாக நனைந்து அவன் நின்றான். கண்ணாடியில் ஆவி படிந்து வெள்ளையாக இருந்தது. அதைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். சட்டையும் ஈரம்! துடைக்கத் துடைக்க இன்னும் மோசமானது. கண்ணாடி இல்லாமலே மேடையைத் தேடி, ஒரு தூணைப் பார்த்துப் பயபக்தியோடு நின்றான் மனுஷன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதடு விலகியது. சுரம் அந்தரத்தில் அறுந்தது.

அப்பா நிற்காத இடம் அது. நாடாவில் இல்லாத இடம். அதற்கப்புறம் என்ன வரும் என்று தேடினால், அத்தனை வருஷ மனப்பாடமும் துடைத்தாற்போல் காணோம். பியானோ பெரியப்பா திரும்பிப் பார்த்தார். பதறவில்லை. அதே இடத்திலேயே கையைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டு, "வா... நான் இருக்கேன்" என்பதுபோலத் தலையாட்டினார்.

அவளிடம் வேறு என்ன இருந்தது? பஸ் நிறுத்தத்து மெட்டுதான். அதை எடுத்தாள். முதலில் பயந்து பயந்து மூன்று சுரம்... பிறகு நாலு... எந்தப் பஸ் நிறுத்தத்திலும் போகாத தூரத்துக்கு அது நடந்தது. எரிகிற உதடும், வலிக்கிற தோளும், தூங்காத கண்ணும் அதில் இருந்தன. அவ்வளவு களைப்பையும் அவள் மறைக்கவில்லை. களைப்பாகவே வாசித்தாள்.

முடித்துவிட்டுப் பார்த்தாள். அம்மா கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைதட்டல் எதுவும் அவள் காதில் விழவில்லை. ஓடிப்போய் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

"அம்மா... தப்பு பண்ணிட்டேன். அப்பாவைத் தொலைச்சுட்டேன்மா."

"போடி பைத்தியம்." அம்மா அவள் தலையைத் துவட்டுவதுபோலத் தடவினாள். "அந்த நாடாவுல உங்கப்பா ஏன் நின்னார் தெரியுமா? ரெக்கார்டிங் நடுவுல நான்தான் கதவைத் திறந்துட்டேன். பக்கத்து ரூம்ல எனக்கு டைப்பிங் பரீட்சை. கதவு மாறிப்போச்சு. சொட்டச் சொட்டக் குடையோட நிக்கிறேன்... ஊதிக்கிட்டிருந்த மனுஷன் என்னைப் பாத்ததும் மூச்சு விட மறந்துட்டார். அதான் முதல் தடவை நாங்க பாத்துக்கிட்டது. திரும்ப வாசிக்கலாம்னு எல்லாரும் சொல்லியும், அவர் கேக்கலையாம். அது அப்படியே இருக்கட்டும்னுட்டாராம்."

"ஏம்மா இத்தனை வருஷமா சொல்லல?"

"நீ ஆசை ஆசையா அப்பாவை வாசிக்கிறே. அதைப்போய் எப்படிக் கெடுக்கறது?"

"நீ கண்ணை மூடி அப்பாவைக் கேக்கறேன்னுதானே நான்..."

"அவரைக் கேக்கவாடி மூடினேன்?" அம்மா அவள் மோவாயை நிமிர்த்தினாள். "உன் முகத்தைப் பாக்க முடியாமத்தான் மூடினேன். ஒவ்வொரு வருஷமும் இன்னும் கொஞ்சம் வாடிப்போய் வந்து நிப்பே. இன்னைக்குத்தான் என் பொண்ணு வாசிச்சா... கண்ணைத் திறந்து பாத்தேன்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். அழுது முடித்ததும் அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அது சரி... நீ நடுவுல நின்னதும் கண்ணைத் திறந்தேனே, அப்போ நீ கதவுப் பக்கம் பாத்துக்கிட்டிருந்தே. யாருடி அது?" என்றாள்.

அவள் காது சிவந்துபோனது. கண்ணாடியை ஒருவழியாகத் துடைத்து மாட்டிக்கொண்டு, அவனே தயங்கித் தயங்கி முன்னால் வந்து நின்றான்.

"என்னாலதான் கெட்டுப்போச்சு, இல்ல?"

அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஈரச் சட்டையில் இருந்து சொட்டிய தண்ணீரையும் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, லேசாகச் சிரித்தாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"நான் கண்ணை மூடிக்கறேன். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிங்க. களைப்பா இருக்கு, வீட்டுக்குப் போகணும்."

மூடியும் கொண்டாள்.

அவன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான். "நாலு மணி ஆனா கடையில யாருக்கும் கண்ணு பாக்க மாட்டேங்க. செவுத்து ஓரமா நின்னுக்குவேன். நீங்க நிக்கிற இடம் வந்தா நானும் மூச்சு விடாம நிப்பேன்... மறுபடி ஆரம்பிச்சாதான் உயிர் வரும். முகம் தெரியறதுக்கு முன்னாடியே... இப்படித்தான்." நிறுத்தினான். "நான் வந்ததுல உங்களுக்கு..."

"பாட்டு போச்சு" என்றாள் அவள்.

"மன்னிச்சுக்கோங்க."

"உங்களைப் பாத்துத்தான் போச்சு." இத்தனை நாள் களைப்பில் வீம்பு பிடிக்கக்கூட அவளிடம் தெம்பு மிச்சமில்லை. அதனால் உள்ளதை உள்ளபடி சொன்னாள். "நாளைக்கு நாலு மணிக்குச் செவுத்து ஓரமா நிக்காதீங்க. இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. எனக்கு நீங்க வேணும்."

அவன் தலையாட்டினான். ஆட்டிய வேகத்தில் கண்ணாடி நழுவியது. இந்தத் தடவை அது தரையில் விழும் முன் அவள் கை அதைப் பிடித்துக்கொண்டது.

"முடிஞ்சுதா?" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.