நாவல்மர மடைக்கு நான்கு வரிகள்

வாய்க்கால் நீர் எந்த வயலுக்கு எந்த நாளில் பாயும் என்று பாசனச் சங்கம் அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதைப் படியெடுத்து வந்த பூர்ணிமா, வீட்டில் உரக்கப் படித்தாள். முற்றுப்புள்ளி வருவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஒண்ணும் புரியல," என்றார் பஞ்சநதம் பெரியப்பா.

அவருக்கு வயது நாற்பத்தைந்து. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி மெதுவாக அமைந்தவர். சிறு சொற்களை எழுத்துக்கூட்டிப் படிப்பார். நெடிய வாக்கியம் நடுவழியில் அவரைக் கைவிட்டுவிடும். ஆயினும் மடை திறந்து நீர் பாய்ச்சும் கைநேர்த்தி அவருக்கே உரியது.

"போன முறை நாள் மாத்தித் தொறந்துட்டீங்க. பெரிய சண்டையாப் போச்சு. இந்தத் தடவை நான் பாத்துக்கறேண்ணே," என்றார் பூர்ணிமாவின் அப்பா குணசேகரன்.

"அது என் வேலை. நான்தான் தொறப்பேன்." பெரியப்பாவின் குரல் உறுதியாக இருந்தது, கண்கள் கலங்கியிருந்தன.

பூர்ணிமா ஒரு தாளை எடுத்தாள். செய்தியைச் சுருக்கி எழுதி, ஓரமெங்கும் சிரிக்கும் வாத்துகளை வரைந்து நீட்டினாள்.

பெரியப்பாவின் முகம் சுண்டியது. "இது பால்வாடிப் பிள்ளைக்கு. நான் விவசாயி."

பூர்ணிமாவின் காது சூடேறியது. "தப்புதான் பெரியப்பா. எப்படி எழுதணும்னு நீங்களே சொல்லுங்க."

அவர் விரல் வைத்துப் படித்தார். "பதினெட்டு மணியா? கடியாரத்துல பன்னெண்டுதானேம்மா இருக்கு?"

"ஐயோ! சாயங்காலம் ஆறு மணி."

"மூணாம் எண் மதகுன்னா எது?"

"நம்ம நாவல்மர மடைதான்."

"அப்ப அதையே எழுது. பெரிசா எழுது. ஒரு வரியில ஒரு விஷயம்."

ஐந்து தாள்கள் கசங்கின. ஆறாவது தாளைப் பெரியப்பா தடையின்றிப் படித்தார்:

வியாழக்கிழமை நம் முறை.
நாவல்மர மடை.
காலை 6 மணிக்குத் திறக்க வேண்டும்.
மாலை 6 மணிக்கு மூட வேண்டும்.

கேட்டுக்கொண்டிருந்த குணசேகரன் சற்றே தயங்கினார். "சரிண்ணே, நீங்களே தொறங்க. நானும் கூட வர்றேன்."

வியாழன் காலை ஆறு மணி. குணசேகரனும் பூர்ணிமாவும் வரப்பில் நிற்க, பெரியப்பா மடைப் பலகையைத் தூக்கினார். காவிரி நீர் சலசலத்து, இளம்பயிரின் அடி வருடி உள்ளே புகுந்தது.

பக்கத்து வயல் முருகையன் ஓடி வந்தார். "யோவ் பஞ்சநதம், மறுபடியுமா? இன்னைக்கு எங்க முறைய்யா. மூடு!"

குணசேகரன் பேச வாயெடுத்தார். பெரியப்பா கையமர்த்தித் தாளை நீட்டினார். "நாலு வரிதான். படிங்க."

"சின்னப் பிள்ளை கிறுக்குனத நம்பச் சொல்றியா?"

முருகையன் தம் கைபேசியில் படமெடுத்து வைத்திருந்த அறிவிப்பை விறுவிறுவென்று படித்தார். ஐந்தாம் வரியில் குரல் தேய்ந்தது. முதலில் பார்த்தபோது அவர் வரி மாறிப் படித்திருந்தார். அவருடைய முறை வெள்ளிக்கிழமை.

தலையைச் சொறிந்துகொண்டு பூர்ணிமாவின் பக்கம் திரும்பினார். "அடுத்த தடவை எனக்கும் ஒண்ணு எழுதிக் குடும்மா."

"எழுதறது அவதான்," என்றார் பெரியப்பா, மடையை விட்டு நகராமல். "ஆனா நான் படிச்சுப் பாத்து சரின்னு சொன்னாத்தான் உங்க கைக்கு வரும்."